காலியாக இருக்கவேண்டிய கட்டம்

தெரியலையே சார் என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது, பிறகுதான் என் காதுக்கே கேட்டது. சுடலைமுத்து சார் செருப்போடு சமையலறைப் படியில் ஏறி நின்றார். இந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியராக வந்து ஆறு வருஷமாகிறது, ஒருநாள்கூடச் செருப்போடு இந்தப் படி ஏறாத மனிதர். நெற்றியிலிருந்து கழுத்துவரை வேர்வை. "ஏம்மா சீனியம்மா, காலையில நீதான கதவத் திறந்தே? ஜெபக்கனி டீச்சர் வந்துட்டுப் போனாங்களா? வருகைப் பதிவேட்டுல இன்னைக்குள்ள கட்டத்துல அவங்க கையெழுத்து இருக்கே, யாரும்மா போட்டது?" என்று கேட்டார். தெரியலையே சார். அவ்வளவுதான் நான் சொன்னது. சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். பிறகு, "அப்ப அவளேதான்" என்றார். அவங்க என்று வாயில் வந்த டீச்சர் ஒரு நொடியில் அவள் ஆகிவிட்டார். "நேத்து சாயங்காலம் போகும்போதே இன்னைக்குள்ள கட்டத்துலயும் சேத்துப் போட்டு வச்சிட்டு ரயில் ஏறியிருக்கா. மெட்ராஸ்ல போராட்டம், இங்க ஆஜர். நானும் பாக்காம அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பித் தொலைச்சிட்டேன். ஸ்டிரைக்ல ஒரு ஆளுன்னு நானே எழுதி, நானே கையெழுத்தையும் காட்டியிருக்கேன். கல்வி அதிகாரி பி.இ.ஓ. அம்மாவே விசாரிக்கக் கிளம்பிட்டாங்களாம். சாப்பாட்டு நேரத்துக்கு இங்க இருப்பாங்க." படியில் ஒரு செருப்பு கழன்றது, அதைக் காலால் தேடிப் போட்டுக்கொண்டு போனார். சாம்பார் பொங்கி அடுப்பில் வழிந்து தீ சீறியது. நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். நான்தான் போட்டேன். ஒன்பதேகால் மணிக்கு, வகுப்பறை இரண்டையும் பெருக்கி முடித்து, ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, நான்தான் போட்டேன்.

தீயைக் குறைக்க வேண்டும். குறைத்தேன். குறைத்தேனா, அணைத்தேனா, குனிந்து பார்த்தேன், எரிகிறது. சிலிண்டர் குழாயை ஒருமுறை தடவிப் பார்த்தேன், காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. மூடியைத் தூக்கிப் பல்லி கில்லி விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். பல்லி இல்லை. எனக்கு எப்போதும் இந்தப் பயம்தான். இருபத்திமூன்று பிள்ளைகள் சாப்பிடுகிற சோற்றில் ஒன்று விழுந்து, மறுநாள் பேப்பரில் என் படம் வந்து, போலீஸ் வந்து. பதினான்கு வருஷமாக ஒவ்வொரு நாளும் பல்லியைத் தேடியிருக்கிறேன். ஆபத்து பேனாவில் வரும் என்று நினைக்கவே இல்லை. அந்தக் கையெழுத்து எனக்கு மனப்பாடம். சோறு வெந்ததும் டீச்சர்தான் ஒரு வாய் ருசி பார்த்து, ருசி நோட்டில் உப்பு சரி, வேக்காடு சரி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார், டீச்சரோ சாரோ தின்று பார்க்காமல் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது என்பது சட்டம். நோட்டு இங்கே மசால் டப்பாவுக்குப் பக்கத்தில்தான் கிடக்கும். ஜெ என்று கொம்பை வளைத்து, அப்படியே இழுத்து, கடைசியில் ஒரு கோடு. சும்மா இருக்கும் நேரத்தில் அதன் மேலேயே விரலால் போட்டுப் பார்ப்பேன். களவு செய்யவா போட்டுப் பார்த்தேன், அழகாக இருந்தது, அதனால்தான். காலையில் சார் மேசையைத் துடைக்கப் போனபோது பதிவேடு திறந்து கிடந்தது. மேல் வரிசை சுடலைமுத்து சாருடையது, கீழ் வரிசை ஜெபக்கனி டீச்சருடையது, ஈராசிரியர் பள்ளி, இரண்டே வரிசை. நேற்று வரை சங்கிலி மாதிரி ஜெ, ஜெ, ஜெ என்று வந்து இன்றைக்கு அறுந்து கிடந்தது. எனக்கு அது பல் விழுந்த வாய் மாதிரித் தெரிந்தது. போன தடவை போராட்டம் நடந்தபோது இப்படித்தான் வரிசையாகக் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. முடிந்து திரும்பி வந்த டீச்சரின் முகத்தை நான் பார்த்தேன். அந்த நாட்களுக்குச் சம்பளம் இல்லை, பிறகு விளக்கம் கேட்டு ஒரு காகிதம், அந்தக் காகிதத்துக்குப் பதில் எழுதி ஒரு காகிதம், வீட்டில் அவர் புருஷன் சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "இன்னைக்குக் குழம்புக்குப் பதிலா கோஷம் ஊத்துறியா?" என்று கேட்டாராம். இதே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொல்லிவிட்டு உரித்த வெங்காயத்தைத் திரும்பவும் உரித்தார். அதெல்லாம் நினைவு வந்தது. பேனா அங்கேயே கிடந்தது. ஒரு நாள்தானே, ஒரே ஒரு கட்டம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள். போட்ட பிறகு மனசு நிறைந்துபோனது. பெருக்கின குப்பையை அள்ளிக்கொண்டு போகும்போது பாட்டு வேறு முணுமுணுத்தேன்.

நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சார் கேட்டவுடனே சொல்லியிருந்தால் திட்டியிருப்பார், அவ்வளவுதான். இப்போது போய்ச் சொன்னால், அப்போது ஏன் சொல்லவில்லை என்பார். நேரம் போகப்போக ஒரு சொல் இரண்டு சொல்லாகிறது. சொன்னால் வேலை போகும். பெரிய படிப்புப் படித்தவள் மாதிரி அரசாங்கப் பதிவேட்டில் கை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு நெஞ்சுச்சளி, தீப்பெட்டி ஆபீசில் குச்சியை மருந்தில் முக்கிய காலத்தில் வந்தது, இரண்டு குடம் தண்ணீர் தூக்கினால் உட்கார்ந்துவிடுவார். இந்த வேலைதான் வீடு. சொல்லாவிட்டால் டீச்சர் வேலை போகும். ஸ்டிரைக் செய்தால் சம்பளம் பிடிப்பார்கள், விளக்கம் கேட்பார்கள், அத்தோடு சரி. ஸ்டிரைக் செய்துகொண்டே கையெழுத்தும் போட்டால் அது மோசடி. அந்தச் சொல்லைச் சார்தான் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், வெளியே ரோட்டில் நின்று சொன்னது இங்கே வரை கேட்டது. மோசடி. என் கையிலிருந்த சாம்பார்க் கரண்டியைப் பார்த்தேன். முட்டை உரிக்க வேண்டும். உரித்தேன். தோலோடு வெள்ளையும் பிய்ந்து வந்தது. இப்படிக் கடித்த மாதிரி முட்டையைக் கொடுத்தால் பிள்ளைகள் அழும், எனக்கு ஏன் சின்னது, அவளுக்கு ஏன் பெருசு என்று கேட்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்த நியாயம் அது. டீச்சர் கேட்பதும் அதைத்தான். ஒரு தேதிக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சம்பளம், பின்னால் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த சம்பளம். ஒரே படிப்பு, ஒரே புத்தகம், ஒரே கரும்பலகை. எனக்கு அதை டீச்சர் விளக்கிச் சொன்ன அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளுக்குள் என்ன நினைத்தேன் என்பதை இன்று ஒளிக்க முடியாது. உங்களுக்கே பத்தலை என்றால் எனக்கு என்ன டீச்சர் என்று நினைத்தேன். விடியலில் கதவைத் திறந்து, கக்கூஸைக் கழுவி, சமைத்து, பாத்திரம் தேய்த்து, நான் வாங்குவதைச் சொன்னால் நீங்கள் போராட்டத்துக்குப் போக வெட்கப்படுவீர்கள் என்று நினைத்தேன். என் முகத்தில் அது தெரிந்ததோ என்னவோ, "உங்களுக்கும் சேத்துத்தான்க்கா கேக்கணும், ஆனா எங்க சங்கத்துல அதைச் சொன்னா, முதல்ல நம்மளுது முடியட்டும்ங்கிறாங்க" என்றார். அப்படிச் சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்குத்தான் எனக்கு அவர்மேல் பிரியம் முற்றியது என்று நினைக்கிறேன்.

இந்த ஜன்னலில்தான் சிக்னல் கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் வேறு எங்கும் கிடைக்காது. அதனால் டீச்சரின் பாதி நாள் என் சமையலறையில்தான் போகும். போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்துக்கொண்டு எதையாவது ஏற்றிக்கொண்டே இருப்பார். பிள்ளைகளின் கால் அளவு, ரத்த வகை, பேங்க் நம்பர், யார் வந்தார், யார் வரவில்லை, எத்தனை முட்டை, எத்தனை மரக்கன்று. ஒருநாள் கக்கூஸைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வந்தது, அனுப்பினார், வெளிச்சம் பத்தவில்லை என்று திரும்பி வந்தது. "சீனியக்கா, கக்கூசுக்குக் கொஞ்சம் பவுடர் போட்டு விடுங்க" என்றார். அந்நேரம் ஐந்து வகுப்பும் ஒரே அறையில் தாமாகக் கத்திக்கொண்டிருக்கும். சார் பாதி நாள் மீட்டிங், மீதி நாள் மீட்டிங்கில் சொன்னதை எழுதுவது. அவர் சங்கம் வேறு, டீச்சர் சங்கம் வேறு. இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசுவதைக் கேட்டால் வயிறு குலுங்கும். "எனக்கு உங்களவிடக் குறைச்சல்தான சார் தர்றாங்க, இனிமே நான் அனா மட்டும் சொல்லிக் குடுக்கேன், ஆவன்னா நீங்க சொல்லிக் குடுங்க" என்பார் டீச்சர். "ஆவன்னா சொல்ல வாயத் திறந்தா எனக்குக் கொட்டாவிதான் வருது டீச்சர், பிள்ளைகளும் சேந்து விடும்" என்பார் சார். "உங்க சங்கமே கொட்டாவிச் சங்கம்தான சார்." "உங்க சங்கம் மட்டும் என்ன, ஒரு வேன்ல அடங்குற கூட்டம்." இப்படிப் பேசிச் சிரித்த மனிதர்தான் இன்றைக்கு அவள் என்றார். என் ரெண்டு சொல்லால் என்றார். எத்தனை மணியாகிறது, பதினொன்றே முக்கால். அரிசி வெந்துவிட்டதா. ஒரு பருக்கையை எடுத்து நசுக்கினேன், வெந்திருக்கிறது, நசுக்கிய விரல் சுட்டதுகூடப் பிறகுதான் தெரிந்தது.

போன் அடித்தது. ஜெபக்கனி டீச்சர். எடுக்காமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், நினைப்பதற்குள் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று எடுத்துவிட்டேன். ஒரே இரைச்சல். சம வேலைக்குச் சம ஊதியம் என்று ஒரு பொம்பளைக் குரல் கத்த, நூறு குரல் திருப்பிக் கத்தின. அதற்குள்ளிருந்து டீச்சர் குரல், தண்ணீர் குடிக்காத குரல். "அக்கா, ஸ்கூல்லயா இருக்கீங்க? உண்மையச் சொல்லுங்க. என் கட்டத்துல கையெழுத்துப் போட்டது சார்தான?" போனை மறு காதுக்கு மாற்றினேன். "ஆபீஸ்ல யாரோ அந்த போட்டோவ எங்க குரூப்ல போட்டுட்டாங்கக்கா. இங்க எல்லார் போன்லயும் அதான் ஓடுது. அங்க கையெழுத்து, இங்க கோஷமான்னு கேக்காங்க. பக்கத்துல உக்காந்திருந்த ரெண்டு பேரு எந்திரிச்சி அங்கிட்டுப் போயிட்டாங்க. ரயில்ல ஒரே பொட்டலத்துல சாப்பிட்டு வந்தவங்கக்கா. சார் என்னைய மாட்டிவிடணும்னே போட்டிருக்காரு. ஆவன்னா சொல்லச் சொன்னதுக்குப் பழி வாங்கிட்டாரு." சார் டீச்சரைக் களவாணி என்கிறார், டீச்சர் சாரைக் களவாணி என்கிறார், நடுவில் நான் முட்டை உரித்துக்கொண்டிருக்கிறேன். "சார் இல்ல டீச்சர்" என்றேன். "பிறகு யாருக்கா?" "நான்தான் டீச்சர்." அந்தப் பக்கம் கோஷம் மட்டும் கேட்டது.  டீச்சர் போனை வைத்துவிட்டாரோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது. "நீங்களாக்கா" என்றார். "சம்பளம் பிடிச்சிருவாங்களேன்னு டீச்சர், போன தடவ நீங்க பட்ட பாடு" என்று ஏதோ சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அந்தக் கட்டம் காலியா இருக்கணும்னுதானக்கா நான் இங்க தார் ரோட்டுல உக்காந்திருக்கேன்" என்றார். "நான் வந்ததுக்கு அது ஒண்ணுதான் அத்தாட்சி. அதையும் நெரப்பிட்டீங்களே." பிறகு விசில் சத்தம், தள்ளாதீங்க சார் தள்ளாதீங்க என்று யாரோ, வேன்ல ஏறுங்கம்மா என்று ஒரு ஆண் குரல். போன் நின்றுவிட்டது. திரும்ப அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது.

அப்படியென்றால் வெறுமையாகக் கிடந்தது காயம் இல்லையா. அது டீச்சர் போட்ட கையெழுத்தா. வராமல் இருப்பதும் வந்து நிற்கிற மாதிரி ஒரு வேலையா. எனக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று. தெரியாதா என்ன. தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும், தெரியாத மாதிரி வைத்திருந்தேன். ஆறாம் வகுப்பு அரைப் பரீட்சையோடு என்னை நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். இருட்டோடு பஸ் வந்து ஊர்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது வேலை. எனக்குப் பக்கத்துப் பலகையில் பொன்னுத்தாய், அவள் முந்தின வருஷம் சேர்ந்தவள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அளவு அடுக்குவோம், அவளுக்குச் சட்டத்துக்கு ஒரு கூலி, எனக்கு அதைவிடக் குறைவு. கணக்குப்பிள்ளையிடம் கேட்டால், "அவ முன்னாடி வந்தா, நீ பின்னாடி வந்தே, மழ முன்னாடி பேஞ்ச காட்டுலதான முதல்ல பயிரு" என்றான். ஒருநாள் புதுப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் உள்ளே போகாமல் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டோம். யார் சொல்லி உட்கார்ந்தோம் என்று ஞாபகம் இல்லை. பொன்னுத்தாய் வாங்குகிற கூலி தாங்க என்று கேட்டோம், கோஷம் போடத் தெரியாது, சும்மா உட்கார்ந்திருந்தோம், வெயில் ஏறியது. யாரோ ஊருக்குச் சொல்லி என் அம்மா வந்தாள். என் சடையைப் பிடித்துத் தூக்கி, "போடி உள்ள" என்றாள். நான் போனேன். பதினெட்டுப் பேரில் முதல் ஆளாக உள்ளே போனவள் நான். அம்மா இழுத்ததால் போனேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்டு வரைக்கும்தான் அம்மா இழுத்தாள். கேட்டிலிருந்து பலகை வரைக்கும் நானேதான் நடந்தேன். கணக்குப்பிள்ளை சிரித்துக்கொண்டே நோட்டை எடுத்து என் பேருக்கு நேரே ஆஜர் போட்டான். வெளியே பதினேழு பேரும் கம்பி வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. இதையெல்லாம் டீச்சரிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் இன்றைக்கு அந்தப் பேனாவை எடுத்திருக்க மாட்டேனோ. அன்றைக்கு எனக்குப் போட்ட ஆஜரை இன்றைக்கு டீச்சருக்கு நான் போட்டிருக்கிறேன். அதுவும் பிரியத்தோடு.

பைக் சத்தம் கேட்டது. பி.இ.ஓ. அம்மாவாக இருக்கும் என்று எட்டிப் பார்த்தேன், இல்லை, மாவரைக்கப் போகிற யாரோ. சார் திரும்பவும் வந்தார், இந்தத் தடவை செருப்பில்லாமல். கையில் ஒரு வெள்ளைத்தாள். "சார், நான்தான் சார் போட்டேன்" என்றேன். அடுப்படிக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னேன். சார் கண்ணை மூடித் திறந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். ஆனால் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு அதிகமாகப் பயம் வந்தது. "நீயா? நல்லதாப் போச்சு" என்றார். "இந்தா, நான் எழுதுறேன், நீ கீழ போடு. ஜெபக்கனி டீச்சர் போனில் சொன்னதின் பேரில் கையெழுத்திட்டேன்னு எழுதுறேன். டீச்சர் சொன்னா சமையல்காரி கேட்டுத்தான ஆகணும்? உனக்கு ஒண்ணும் வராது. எனக்கும் வராது. அவ எப்படியும் ஸ்டிரைக்ல மாட்டியாச்சு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன." "அவங்க சொல்லல சார்." "எனக்குத் தெரியும்மா." தெரியும் என்றே சொன்னார். என் காதில் அடித்த மாதிரி இருந்தது. தெரிந்துதான் தாளைக் கொண்டு வந்திருக்கிறார். "எனக்கு மே மாசத்தோட சர்வீஸ் முடியுது சீனியம்மா. பொய்த் தகவல் அனுப்பினேன்னு ஒரு மெமோ வந்தா பென்ஷன் காகிதம் அப்படியே நிக்கும். முப்பத்தினாலு வருஷம் யார்ட்டயும் கை நீட்டாம வந்துட்டேன்."  கெட்ட மனிதர் இல்லை. என் மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்து பந்தி கவனித்தவர். அவரை வெறுக்கவும் முடியவில்லை. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது. வேலை இருக்கும், வீட்டுக்காரருக்கு மருந்து இருக்கும், நாளைக்கும் கதவைத் திறந்து பெருக்கலாம். எவ்வளவு எளிதாக இருக்கிறது. சட்டியில் வெங்காயம் கருகுகிற வாசனை வந்தது, திரும்பி இறக்கி வைத்தேன், திரும்பிப் பார்த்தபோது பள்ளிக்கூட வாசலில் வெள்ளைக் கார் நின்றிருந்தது.

பி.இ.ஓ. அம்மா இறங்கும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் நினைத்திருந்த மாதிரி இல்லை. என் வயதுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே கருமை. "இன்னைக்கு இது எட்டாவது ஸ்கூல். குடிக்கத் தண்ணி குடுங்க முதல்ல" என்றார். குடித்தார். சார் மேசைக்கு வந்து பதிவேட்டைத் திறந்து கட்டத்தின் மேல் விரல் வைத்தார். "சார், என்ன இது? ஒருத்தங்க ரெண்டு ஊர்ல இருக்க முடியுமா?" சார் என்னைப் பார்த்தார். பிள்ளைகள் தட்டோடு வரிசையாக வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது.  சார் முந்திக்கொண்டு, "மேடம், அந்த டீச்சர் போன்ல சொல்லி..." என்று ஆரம்பித்தார். "அவங்க சொல்லலம்மா" என்றேன். கத்திவிட்டேன் போல, வரிசையில் ஒரு பிள்ளை தட்டைக் கீழே போட்டது. "டீச்சருக்குத் தெரியாது. நானா போட்டேன். டீச்சர் வரல. வர மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. வராம இருக்கத்தான் போனாங்க." அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். சார் கையிலிருந்த தாளைப் பார்த்தார், சார் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "எழுதத் தெரியுமா?" "தெரியும்மா. மெதுவா எழுதுவேன்." "உன் கைப்பட எழுதிக் குடு" என்று ஒரு தாளை நகர்த்தினார். சாருடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்ததில்லை, நுனியில் உட்கார்ந்தேன்.

சீனியம்மாள், சமையல் உதவியாளர் என்று எழுதவே ரொம்ப நேரமாயிற்று. இன்று காலை ஜெபக்கனி டீச்சர் கட்டத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். டீச்சர் சொல்லவில்லை. சாருக்கும் தெரியாது. டீச்சர் இன்று வரவில்லை. அவ்வளவும் எழுதினேன். நான் எழுதும்போதே அந்த அம்மா பதிவேட்டைச் சாரிடம் தள்ளி, அதை அடித்துச் சிவப்பில் வேலைநிறுத்தம் என்று எழுதச் சொன்னார். சார் எழுதினார். அந்தச் சொல் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை, நாளைக்குள்ள கட்டத்துக்கும் போனது. டீச்சரைப் போலீஸ் இப்போது எந்த மண்டபத்தில் அடைத்து வைத்திருக்கிறதோ, பக்கத்தில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களோ. "சரி, ஏன் போட்டேன்னு காரணம் எழுது" என்றார் அந்த அம்மா. எனக்குக் கை நின்றுவிட்டது. அவர் என் பக்கம் குனிந்து, சார் காதில் விழாத மாதிரி, "படிப்பறிவு இல்லாததால் தெரியாமல் போட்டேன்னு எழுதும்மா. அப்படின்னா எச்சரிச்சு விட்ரலாம். வேலை நிக்கும்" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். இன்றைக்கு எல்லாரும் எனக்கு நல்லதுதான் சொல்கிறார்கள். தெரியாமல் போட்டேனா. அந்தக் கட்டம் என்னுடையது இல்லை என்று தெரியும். பேனா என்னுடையது இல்லை என்று தெரியும். கேட்டைத் தாண்டி உள்ளே நடக்கிறவளுக்குத் தான் நடப்பது தெரியாதா. பிரியத்தில் போட்டேன் என்று எழுதினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தேன், எனக்கே தூக்கிவாரிப்போட்டது, இத்தனை வயதில் இப்படி ஒரு வார்த்தையை நான் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. அந்த அம்மா தாளைத் திருப்பி வாசித்தார். இரண்டு முறை வாசித்தார். "ஏம்மா, இதை நான் எந்த பைல்ல வைக்க? இப்படி ஒரு காரணம் ஆபீஸ்ல கிடையாது. அந்த ஒரு வரிய அடிச்சிரு" என்று பேனாவை என் கையில் திரும்ப வைத்தார்.

"இருக்கட்டும்மா" என்றேன்.

"நாளையிலிருந்து வர வேண்டாம்னு ஆர்டர் வந்தா அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

"இருக்கட்டும்மா."

வராந்தாவில் ஒரு பிள்ளை, "ஆயாம்மா, பசிக்குது" என்றது. பேனாவை மூடி மேசைமேல் வைத்தேன்.  எழுந்து போய்ச் சோற்று அண்டாவைத் திறந்தேன்.